மனம் சோர்ந்தால் வயிறையும் தோலையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

தீவிர நோயாளிகளின் மனச்சோர்வு பற்றிய கட்டுரை படித்தேன். ஆறுதல், ஆலோசனை, மாத்திரை எல்லாம் இருந்தன. மலச்சிக்கலும் அரிப்பும் ஓரிடத்திலும் வரவில்லை. கூச்சத்தால் நோயாளி இவற்றைச் சொல்வதில்லை, வீட்டாரும் கேட்பதில்லை. ஆனால் அவர் எரிந்து விழுவதற்கும் சாப்பாட்டை ஒதுக்குவதற்கும் பல நேரம் இவைதான் காரணம்.

மார்ஃபின் வகை வலிமருந்து குடலின் அசைவைக் குறைக்கும். இந்த மருந்தால் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. ஆகவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சென்னா என்ற மலமிளக்கி மாத்திரையை இரவில் கொடுத்தால் 8 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். லாக்டுலோஸ் என்ற இன்னொரு மலமிளக்கிக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஒரு வேளை குடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. தண்ணீர் அதிகம் இறங்காதவருக்கு நார்ச்சத்துப் பொடி வேண்டாம், உள்ளேயே இறுகிப்போகும்.

நாலைந்து நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். கட்டியாக நிற்கும் மலத்தைச் சுற்றி நீர் வழிவதாகவும் இருக்கலாம். இந்த நிலையில் முதியவர்களுக்கு ஆள் தெரியாமல் போகும், இரவில் பிதற்றுவார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று வீடே பயந்துபோகும். கட்டி வெளியேறினால் பலருக்குத் தெளிவு திரும்புகிறது. வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மலமிளக்கி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளான செரட்டோனின் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது மூளைக்குள் புகுவதில்லை. அதை நம்பி, வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிக்கு குடலுக்கு நல்லது என்று உயிருள்ள கிருமிகளைச் சேர்த்த புரோபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் அந்தக் கிருமியே ரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு.

பித்தம் அடைபட்டாலோ சிறுநீரகம் செயலிழந்தாலோ வரும் அரிப்புக்குத் தோலில் தடிப்பு தெரியாது, இரவில்தான் கூடும். தூக்கம் போனவருக்கு மனம் எப்படி நிற்கும்? ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் இந்த அரிப்புக்கு முக்கியக் காரணம் அல்ல; எனவே ஒவ்வாமை மாத்திரையால் பெரும்பாலும் மயக்கம்தான் மிச்சம். காரணத்துக்கேற்ற மருந்து தனியாக உண்டு. வீட்டில் செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளியல், துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே வாசனையில்லாத கிரீம். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். டயப்பர் கட்டியவருக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பை ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்கக் கூடாது, தோல் உரியும். அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்து, மேலே புதிதாகப் பூசினால் போதும்.

மனச்சோர்வுக்கு எழுதும் மாத்திரையிலும் கவனம் தேவை. அவற்றில் ஒன்றான அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலைக் கூட்டும். கடைசியாக வயிறு போனது என்றைக்கு, இரவில் அரிப்பு உண்டா என்று கேட்ட பிறகே அதை எழுத வேண்டும்.

– நோய்த்தணிப்புப் பிரிவுச் செவிலியர் ஒருவர்