மூன்று இனக் காளானுக்கும் ஒரே தாள்: உங்கள் வித்துப் பைகள் பற்றிய புகார்

வாடிக்கையாளர் பிரிவுக்கு வணக்கம்,

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். மார்ச் 14ஆம் திகதி உங்களிடம் வித்திட்ட காளான் பைகள் 120 வாங்கினேன். சாம்பல் சிப்பி 40, இளஞ்சிவப்புச் சிப்பி 40, பால் காளான் 40, பை ஒன்று 170 ரூபாய். கூடவே 11,500 ரூபாய்க்கு, தண்ணீரைப் பனிபோலத் தூவி ஈரப்பதன் கூட்டும் ஒரு மிஸ்ட் மெசின். பற்றுச்சீட்டின் படம் இதோடு இருக்கிறது. இரண்டு தடவை போனில் சொல்லி, மூன்று தடவை வட்ஸ்அப்பில் எழுதியும் "பெரிய சேரிடம் சொல்கிறோம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் விபரமாக எழுதுகிறேன்.

பைகளோடு நீங்கள் தந்தது ஒரே ஒரு தாள். மூன்று இனத்துக்கும் பொதுவாக வெப்பநிலை 22 முதல் 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம், அறையைக் காற்றுப் போகாமல் பொலித்தீனால் அடைக்கவும், வித்தில் இருந்து வெள்ளை இழை பை முழுக்கப் பரவியதும் பையின் வாயைத் திறந்து தண்ணீர் தெளிக்கவும். அவ்வளவுதான். உங்கள் வித்தை நான் குறை சொல்லவில்லை, அது நல்ல வித்து. ஒவ்வொன்றும் வேறு வேறு காலநிலை கேட்கிற மூன்று இனங்களை ஒரே கொட்டிலில் ஒரே மாதிரி வளர்க்கலாம் என்று சொல்லி விற்றதுதான் பிழை.

பைகள் வந்த நேரம் கொட்டிலில் தட்டு அடித்து முடிந்திருக்கவில்லை. உங்கள் ஆளிடம் போனில் கேட்டேன். "பிரிட்ஜில் வையுங்கோ அக்கா, ஒன்றும் ஆகாது" என்றார். எங்கள் பிரிட்ஜில் 12 பைதான் பிடித்தது, இளஞ்சிவப்பில் 12ஐ அடுக்கினேன். மிச்சம் 28ம் சாமி அறைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து நிலத்தில் கிடந்தன. நிலத்தில் கிடந்தவை அந்த வெக்கையிலேயே இழை ஓடி வெளுத்து, சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை பூத்தன. காலையில் பார்க்கும்போது குண்டூசித் தலையளவு ரோஸ் புள்ளி, மறுநாள் நகமளவு, மூன்றாம் நாள் ஓரம் சுருண்டு உள்ளங்கையளவுக்கு விரிந்துவிட்டது. அம்மா ஆசைப்பட்டு அன்றைக்கே பிரட்டல் வைத்தார். பிரிட்ஜில் இருந்த 12ல் ஒன்றில்கூட புதிதாக ஓர் இழை ஓடவில்லை. இளஞ்சிவப்பு வெப்ப நாட்டு இனம், 20 முதல் 30 பாகையில் வளர்வது, பிரிட்ஜ் குளிரில் அதன் இழை செத்துப்போகும். காளான் வித்து விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

வருடப்பிறப்புக் கழிய எல்லாவற்றையும் கொட்டிலுக்கு மாற்றி, தாளில் உள்ளபடி சுற்றிவரப் பொலித்தீன் அடித்தேன். அடுத்த பூப்பில் தண்டு என் சுண்டுவிரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. சந்தையில் அதை ஒருவரும் கையால்கூடத் தொடவில்லை. காளானும் மூச்சு விடுகிற உயிர்தான், அடைத்த இடத்தில் காபனீரொட்சைட்டு சேர்ந்தால் தண்டு நீண்டு குடை சுருங்கும். பொலித்தீனில் கீழும் மேலும் காற்று வழி வெட்டி, நுளம்பு வலை அடித்த பிறகு சரியாக வந்தது. காற்று வழி வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஒரு பூப்பு நட்டமாகியிராது.

சாம்பல் சிப்பியில்தான் எனக்குப் பெரிய கோபம். 40 பையும் அழகாக வெளுத்தன, பிறகு ஒரு மொட்டுக்கூட இல்லை. அந்த இனத்துக்கு இழை ஓட வெக்கை பெரிய தடையில்லை, ஆனால் பூப்பதற்குக் குளிர் வேண்டும், 20 பாகையை ஒட்டி அல்லது அதற்கும் கீழே. என் கொட்டிலில் மத்தியானம் 34, விடியப்புறம் 27. சாக்கு நனைத்துத் தொங்கவிட்டேன், கூரைக் கிடுகுக்குத் தண்ணீர் அடித்தேன், இரண்டு பாகை இறங்கியது, அதற்கு மேல் இல்லை, காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது நனைந்த சாக்கு எவ்வளவுதான் குளிர்விக்கும். மே தொடக்கத்தில் மச்சாள் நுவரெலியாவுக்குத் திரும்பிப் போகும்போது 4 பையைக் கொடுத்துவிட்டேன். அங்கே 1,800 மீற்றருக்கு மேல் உயரம். இரண்டு கிழமையில் நாலும் கொத்துக் கொத்தாகப் பூத்த படத்தை அனுப்பினாள். அதே வித்து, அதே பை! என்னிடம் மிஞ்சிய 36ம் மஞ்சள் தண்ணீர் விட்டுப் பச்சைப் பூஞ்சணம் பிடித்ததால் வளவின் மூலையில் வெட்டித் தாட்டேன். ஓடர் எடுத்தபோது யாழ்ப்பாணத்து முகவரியை எழுதியது உங்கள் ஆள்தான், அப்போதே "அக்கா, இது உங்கள் ஊருக்குச் சரிவராது" என்று சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பால் காளான். இந்த வெக்கைக்கென்றே பிறந்தது போன்ற இனம், 30 முதல் 35 பாகையிலும் நன்றாக வரும், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் இதில் ஓர் இரகத்தையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதற்கு மேல்மண் போடவேண்டும். இழை ஓடி முடிந்ததும் பையின் மேல் பாதியை வெட்டி, அவித்து ஆறவைத்த மண் கலவையை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால்தான் ஒழுங்காக மொட்டு வைக்கும். உங்கள் தாளில் மண் என்ற சொல்லே இல்லை. நானே தேடி வாசித்து ஏப்ரல் கடைசியில் மண் போட்டேன், மே நடுவில் மொட்டு வந்தது, ஒரு காளான் மட்டும் 200 கிராமுக்கு மேல் நிறுத்தது. இதற்குக் காசு கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமான இனத்தை எப்படி வளர்ப்பதென்றே சொல்லாமல் விற்றிருக்கிறீர்கள்.

மிஸ்ட் மெசின் மூன்று கிழமைதான் ஓடியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் இருக்கும். அதே படிவு மெசினின் தட்டில் ஏறி அது நின்றுவிட்டது, பைகள் மேலெல்லாம் வெள்ளைத் தூள். "உங்கள் தண்ணீர்தான் பிழை, வாரண்டி இல்லை" என்றார் உங்கள் ஆள். வடித்த தண்ணீரோ மழைத் தண்ணீரோதான் ஊற்றவேண்டும் என்று பெட்டியிலும் இல்லை, தாளிலும் இல்லை, விற்றபோதும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் கேட்பது இவைதான். சாம்பல் சிப்பி 36க்கு 6,120 ரூபாய், பிரிட்ஜில் செத்த 12க்கு 2,040, மெசினுக்கு 11,500, மொத்தம் 19,660 ரூபாய் திருப்பித் தாருங்கள். பைகளின் காசுக்குப் பதிலாகப் பால் காளான் பை தந்தாலும் எனக்குச் சரி. அதோடு இனத்துக்கு ஒரு தாளாகத் தமிழில் அடியுங்கள், குளிர் கேட்கிற இனத்தை வெக்கை ஊர்களுக்கு அனுப்புமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்குப் பிறகு சுயதொழில் கடன் எடுத்து உங்களிடம் வாங்கப்போகிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை, பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். எனக்கு அது ஜூன் 14உடன் முடிகிறது. 10ஆம் திகதிக்குள் உங்கள் பதில் எழுத்தில் வரவேண்டும், வராவிட்டால் இதே கடிதத்தை அங்கே கொடுப்பேன். செத்த 12 பைகளையும் மெசினையும் எறியாமல் வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் காட்டுவேன், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.