மனௌஸுக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள்

தென் அமெரிக்கப் பயணங்களை நடத்தும் தமிழ்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். அமேசான் காட்டுக்குப் போகும் வழியில் பிரேசிலின் மனௌஸ் நகருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். அதுவும் உச்சிவெயிலில். ஓபரா அரங்கின் முன் பேருந்து நிற்கிறது, படம் எடுக்கிறார்கள், ஏறிவிடுகிறார்கள். நீக்ரோ ஆற்றங்கரையில் உள்ள பழைய நகரம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடந்து பார்க்கவே ஏற்ற அளவு. காலை ஆறரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியும்படி ஒரு நடையைத் திட்டத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அரங்கு மேட்டில் இருக்கிறது, ஆறு பள்ளத்தில். மேலிருந்து இறங்குவது சுலபம் என்று நினைத்து அங்கிருந்து கிளம்பினால் அரங்கின் கதவு ஒன்பது மணி வரை திறந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டுக் கீழே வருவதற்குள் மீன் வியாபாரம் ஓய்ந்துவிடும், நிழலில்லாத கரையில் வெயிலும் ஏறிவிடும். ஆகவே ஆற்றங்கரையில் தொடங்கி மேலே ஏறுங்கள்.

முதல் நிறுத்தம் அடோல்ஃபோ லிஸ்போவா சந்தை. 1883இல் திறக்கப்பட்ட இரும்புக் கட்டடம். பக்கத்து மீன் சந்தையில் ஆள் நீளத்துக்குக் கிடக்கும் பிராருக்கு மீனையும் தம்பாக்கியையும் பார்க்கலாம். தரை வழுக்கும், ரப்பர் அடி வைத்த மூடிய செருப்பு அவசியம். காலை உணவையும் விடுதியில் முடிக்காமல் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷீஸ் கபோக்கின்யு’ என்று கேட்டால் ரொட்டிக்குள் துக்குமா என்ற பனை வகைப் பழத்தின் சீவல், பாலாடைக்கட்டி, பொரித்த வாழைப்பழம் வைத்துத் தருவார்கள். சைவர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல காலை உணவு கிடைப்பது கடினம்.

சந்தையிலிருந்து மேற்கே சிறிது தூரத்தில் மிதக்கும் துறைமுகம். இங்கே அவசரப்படுத்தாதீர்கள். ஆற்றின் நீர்மட்டத்தை 1902 முதல் இங்கே அளந்து குறித்து வருகிறார்கள். 2021 ஜூன் வெள்ளத்தில் 30.02 மீட்டர். 2024 வறட்சியில் 12.11 மீட்டர். இடைவெளி கிட்டத்தட்ட 18 மீட்டர்! சாதாரண ஆண்டிலேயே பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். துறை ஏன் மிதவைகளின் மேல் கட்டப்பட்டது என்பதை யாரும் விளக்கவே வேண்டியதில்லை. உங்கள் திட்டத்துக்கும் இதுவே ஆதாரம்: ஜூனில் வெள்ளம் மிகுந்தால் கரையோரத் தெருக்களில் பலகைப்பாலம் போட்டிருப்பார்கள், அக்டோபர், நவம்பரில் படகுக்கு நெடுந்தூரம் படியிலும் சேற்றிலும் இறங்க வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் குழுவில் இருந்தால் அந்த இரண்டு மாதங்களில் கரையோரப் படகுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

பிறகு சுங்க மாளிகை, மாத்ரிஸ் தேவாலயம், மணிக்கூண்டு, அங்கிருந்து எதுவார்து ரிபெய்ரு சாலை வழியே ஏற்றம். ஒரு ஓடையைத் தூர்த்துப் போட்ட சாலை அது. நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கும், விளிம்பு உயரம், கடைவிரிப்புகள் வழியை அடைக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் இங்கேதான் கால் பிசகி விழுகிறார்கள். கட்டடத்தைப் பார்க்க நின்றுவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அமேசோனாஸ் அரங்கு எனப்படும் அந்த ஓபரா அரங்கு 1896 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. குவிமாடத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் சுமார் 36,000 ஓடுகள். வழிகாட்டிகள் இதைச் சொல்வார்கள். இதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். காட்டில் வாழ்ந்தவர்களைக் கொத்தடிமைகளாக்கி எடுத்த ரப்பர்ப் பால்தான் இந்த மாளிகை. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பின் மலாயாவுக்கும் போயின. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம் தமிழர். தோட்டத்து ரப்பர் சந்தைக்கு வந்ததும் 1910களில் மனௌஸின் செல்வம் சரிந்தது. உங்கள் பயணிகளில் மலேசியத் தமிழர் இருந்தால், பால்மரக் காட்டில் உழைத்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் அந்த வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லாமல் ஓடுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய குறை.

மாலை ஐந்துக்குமேல் அரங்கின் முன்னுள்ள செபாஸ்தியான் சதுக்கத்துக்கு மறுபடி வரலாம். சுரைக்குடுக்கை போன்ற கிண்ணத்தில் தகாகா என்ற சூப் கிடைக்கும்: மரவள்ளிச் சாறு, மரவள்ளி மாவுப் பசை, நாக்கை மரக்கவைக்கும் ஜம்பு கீரை, காய்ந்த இறால். இறால் வேண்டாதவர் ‘செய்ங் கமராங்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருட்டியபின் சதுக்கத்தில் ஆள் நடமாட்டம் உண்டு, துறைமுகப் பக்கம் இருக்காது. அங்கே அழைத்துப் போகாதீர்கள். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். திங்கள் அரங்குக்கு விடுமுறை. ஞாயிறு காலை எதுவார்து ரிபெய்ரு சாலையில் தெருச்சந்தை கூடும், நல்ல நாள். ஆனால் நண்பகலுக்குப்பின் நகர மையம் வெறிச்சோடிவிடும்.

கடைசியாக ஊசி. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவுப் பணம் வாங்கும் அன்றே பயணிகளுக்கு இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
இந்த நகரை நடந்து அறிந்தவர்கள்