நாகேஷைத் துணுக்காகப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ‘நாகேஷின் சிறந்த படங்கள்’ பட்டியலில் பாதிக்கு மேல் சிரிப்புக் காட்சிகளாகவே இருந்தன. இப்போதுதான் அவரைப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள் அதை நம்பினால், ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பாவோடும் ‘திருவிளையாடல்’ தருமியோடும் நின்றுவிடுவார்கள்.

‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) அவர் தன் அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. ஆனால் வீட்டையே அதட்டி வைத்திருக்கும் பணக்கார அப்பாவை வெகுநேரம் பார்த்த பிறகு அது வந்தால்தான், அந்த மனிதர் பெற்ற பிள்ளை முன் வெலவெலத்துப் போவது உறைக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையா முகத்தை மட்டும் கவனியுங்கள். காட்சியில் சரிபாதி அவருடையது.

அடுத்து அதே வருஷத்து ‘சர்வர் சுந்தரம்’. டம்ளர்களைக் கோபுரமாக அடுக்கித் தூக்கிவரும் உடம்பையும், ஆசைப்பட்ட பெண் தன் நண்பனை விரும்புவது தெரிந்தபின் வரும் அதே உடம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கே. பாலசந்தர் எழுத்து, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். இது பிடித்தால் பாலசந்தர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ (1965), பிறகு ‘எதிர்நீச்சல்’ (1968). முன்னதில் மேடை நாடக வாடை கொஞ்சம் தூக்கல், பொறுத்துக்கொள்ளலாம். பின்னதில் அவர் செய்த மாடிப்படி மாதுவுக்கு அந்தச் சலுகையே தேவையில்லை.

பட்டியலில் விட்டுப்போனதில் பெரிய குறை ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). கொத்தமங்கலம் சுப்புவின் நாவலிலிருந்து வந்த, நாகேஷ் நடித்த சவடால் வைத்தியை நகைச்சுவைக் கணக்கில் எழுதுவதே தப்பு. நாட்டியக்காரி மோகனாவைப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தரகு அவன் தொழில். இதற்கென்று நாகேஷ் புதுக் குரலோ முறைப்போ எடுத்துக்கொள்ளவில்லை. நம்மைச் சிரிக்கவைத்த அதே வேகப் பேச்சு, அதே குழைவு, அதே வளைந்த முதுகு. மோகனாவின் தாய் வடிவாம்பாளுக்கு அவன் ஆசை காட்டும் இடங்களில் நாமும் சிரித்துக்கொண்டே இருப்போம். கதை மதன்பூர் மகாராஜாவிடம் போன பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று சங்கடமாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘அபூர்வ சகோதரர்க’ளுக்கு (1989) வாருங்கள். தர்மராஜ் என்ற வில்லன் திடீரென்று முளைத்தவன் அல்ல என்பது புரியும்.

கடைசியாக 1994-இன் இரண்டு படங்களை ஒரே வார இறுதியில் பாருங்கள். ‘மகளிர் மட்டும்’ படத்தில் அவர் பிணம். வசனமே கிடையாது, மூன்று பெண்கள் இழுத்த இழுப்புக்கு உடம்பு போகிறது. ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. விருது வாங்கிய காட்சியைத் தனியாக வெட்டிப் பார்த்தால் வெறும் அழுகையாகத்தான் தெரியும்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களின் படச்சட்டத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 4:3. அகலத் திரையை நிரப்புகிறேன் என்று இழுத்தால் ஒல்லி நாகேஷ் குண்டாகிவிடுவார். பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு அவர் கால்கள் போய்விடும். பாதி நடிப்பு அந்தக் கால்களில்தான். பட அளவை 4:3-க்கு மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். மாற்றியும் எழுத்துப் போடும் இடத்தில் பெயர்கள் மேலே கீழே அறுபட்டிருந்தால் பதிவே வெட்டப்பட்டது. வேறு பிரதி தேடுவதைத் தவிர வழியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாராபுரம்