பாப்பாவுக்கு, ஈப்போவிலிருந்து அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. புந்தோங்கில் தினமும் சாயந்தரம் மழை. பெரியம்மா வீட்டு விஷயம் நீ பயந்த அளவுக்குப் போகவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

நீ கடைசியாக அனுப்பிய வீடியோவை டி.ஆர். பார்க்கில் எங்களுக்குத் தாய்ச்சி சொல்லித்தரும் சிஃபுவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அவர் யார் ஆடுவதையும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார், உனக்கே தெரியும். 'ஒற்றைச் சாட்டை' அசைவில் உன் தோள் இறங்கி, முழங்கை தொங்கி எவ்வளவு அழகாக இருந்தது! பக்கத்தில் இருந்த ஆன்ட்டிகளிடமெல்லாம் "என் மகள், சென்ஜியாகோவில் இருக்கிறாள்" என்று சொன்னேன். ஹெனானில் அந்தக் கிராமத்திலிருந்துதான் தாய்ச்சி வந்தது என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் என்னையே ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். வீடியோ இடுப்புக்கு மேல்தான் இருந்தது. போனை உயரத்தில் வைத்துவிட்டாய் போலிருக்கிறது. அதற்கு முந்தியது, தரையில் விழுந்து காலை நீட்டும் அசைவு வருவதற்குள் நின்றுவிட்டது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அங்கே குளிர் அதிகம், நேரம் கிடைத்திருக்காது.

உங்கள் சென் பாணியில் இரண்டாம் அசைவு வரிசையை, அந்தப் பீரங்கிக் குத்து வரிசையைத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். என்ன அவசரம்? முதல் வரிசையிலேயே எழுபதுக்கு மேல் அசைவுகள் இருக்கின்றன. அது உடம்பில் ஊறாமல் இரண்டாவதில் இருக்கும் குதிப்புக்கும் வெடிப்புக்கும் போனால், அந்த வேகமெல்லாம் மூட்டில்தான் போய் இறங்கும். உங்கள் பாணியின் பெரிய ஆசான் சென் ஃபாகே ஒரு நாளைக்கு முப்பது தடவை ஆடினார் என்று அங்கே கதை சொல்வார்கள். அவர் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர். நீ இருபத்தாறு வயதுவரை வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். மூன்று தடவை ஆடு, ஒழுங்காக ஆடு, போதும்.

"உங்கள் யாங் பாணி வேறம்மா" என்பாய். வேறு என்றாலும் வேர் ஒன்றுதானே? எங்கள் பாணியைத் தொடங்கிய யாங் லூசான் உன் கிராமத்துக்கு வந்து சென் சாங்சிங்கிடம் கற்றுக்கொண்டதுதான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. லூசானின் பேரன் யாங் செங்ஃபூ சொல்லிவைத்த பத்து விதிகளைச் சிஃபு எங்களை மனப்பாடமே செய்ய வைத்தார். நாலாவது விதி, எந்தக் காலில் கனம் இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று பிரித்து அறிவது. வரிசையில் நாலாவதாக வைத்தாலும், இந்தக் கலையில் அதுதான் முதல் விஷயம் என்று செங்ஃபூவே சொல்கிறார். பிரிக்கத் தெரியாவிட்டால் அடி கனத்துப்போகும், நிலை தடுமாறும், பிறர் லேசாக இழுத்தாலே சாய்ந்துவிடுவோம். நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: கனம் நிற்கும் பாதத்தைத் திருப்பினால் முட்டி முறுக்கிக்கொள்ளும். முதலில் காலைக் காலி செய், பிறகு திருப்பு.

எலும்பு வார்டில் மிஸ்ஸியாக, நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். முட்டி கதவுக் கீல் மாதிரி, நீட்டவும் மடக்கவும்தான் அதற்குத் தெரியும். எல்லாப் பக்கமும் சுழல்வது இடுப்பு மூட்டு. அவர்கள் குவா என்று சொல்லும் அந்தத் தொடை மடிப்பு திறக்காமல் உடம்பைத் திருப்பினால், இடுப்பு செய்ய வேண்டிய வேலையை முட்டி செய்யும். எத்தனை நாள் தாங்கும்? முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பாதமும் பார்க்க வேண்டும். உள்ளே சரியக் கூடாது, கால் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. இதை நீ சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய், இன்னொரு தடவை கேட்டால் குறைந்துபோக மாட்டாய்.

தாழ்ந்து உட்காருவதும் அப்படித்தான். தாழ உட்கார்ந்தவர்தான் பெரிய ஆள் என்று இளம்பிள்ளைகள் நினைக்கிறார்கள். உயரமாகவும் ஆடலாம், நடுவிலும் ஆடலாம், தாழவும் ஆடலாம், விதி ஒன்றுதான். குவா மூடிக்கொள்ளும் இடத்துக்கு மேலேயே நின்றுவிடு. காலை நீட்டி விழும் அசைவில் வலது முட்டி உள்ளே மடங்கித் தரைக்குப் போகிறது. அதைப் பார்க்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கொஞ்சம் உட்கார்ந்து எழுந்துகொள், யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். 'வஜ்ரக் காவலன் உரலை இடிக்கும்' அசைவில் பாதத்தை ஓங்கி உதைக்காதே. கனம் தானாக இறங்கட்டும். சிமென்ட் தரையாக இருந்தால் சும்மா வைத்தால் போதும், சத்தம் வேண்டியதில்லை. சிஃபு வைத்தால் சத்தமே கேட்காது, ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

தொடை எரிந்தால் நல்லது, எரியட்டும். முட்டி வலித்தால் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம். அதைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது பயிற்சி இல்லை. குளிரில் உடம்பு சூடாகாமல் தொடங்காதே. முட்டிக்கு உறை போட்டுக்கொள்.

நெட்பால் ஆடிய காலத்தில் வீங்கின கணுக்காலைச் சாக்ஸுக்குள் மறைத்து, அரையிறுதியும் ஆடிவிட்டு வந்தவள் நீ. அப்பா இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அதில் பெருமை இல்லை. ஆறு வாரம் கட்டுப் போட்டு உன்னைக் குளிப்பாட்டியவள் நான்.

வேலையை விட்டதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனவள் பாதியில் வந்துவிட்டாள் என்று யாராவது பேசுவார்களோ என்று நீ யோசித்தால், அந்த யோசனையை விட்டுவிடு. பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சீனப் பெருநாளுக்குப் பள்ளியை மூடுவார்கள்தானே, டிக்கெட் போடட்டுமா? வந்தால் என்னுடன் வேலை பார்த்த டாக்டரைச் சும்மா ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். அவரும் உன்னைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

அதுவரை ஒரு வீடியோ அனுப்பு. வரிசை முழுவதும் வேண்டாம், முதல் மூன்று அசைவுகள் போதும், மெதுவாக ஆடு. போனைத் தரையோடு ஒட்டி வை. பாதம் இரண்டும் தெரிய வேண்டும். தடித்த பேண்ட் போடாதே. நாளைக்கே அனுப்பு, நான் காத்திருப்பேன்.

அம்மா