வெங்காயத் தராசில் ஒரு ஸ்பிறிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிய கடிதத்தைக் கராஜில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசித்தேன். காரை நிலத்தோடு பதித்து உறும விட்டுக்கொண்டு ஓடும் பெடியளின் வாகனங்களை எல்லாம் பொலிஸ் பறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பிரம்பு பிடித்த கை, அப்படித்தான் எழுதும். நான் அவரோடு சண்டைக்கு வரவில்லை. இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாணம் பலாலி வீதியில் கேட்கும் சத்தத்தில் என்னுடைய நித்திரையும் கெடுகிறது. ஆனால் அந்தக் கார்கள் எப்படிப் பதிந்தன என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அதில் ஒன்றைப் பதித்தவன் நான்.

கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கிறேன். யுத்தத்தில் பெற்றோல் இல்லாமல் மொறிஸ் மைனர் கார் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் தொழில் பழகியவன். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மகன் பழைய ரொயோட்டா ஸ்ராலெற் ஒன்றோடு வந்து நின்றான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்கள் விற்ற விலை எல்லாருக்கும் தெரியும். காருக்குக் கொடுத்தது போக அவனிடம் ஸ்பிறிங் வாங்கக் காசு மிஞ்சவில்லை. “மாமா, முன்னுக்கு ஒன்றரைச் சுத்து வெட்டினாக் காணும்” என்றான். கிறைண்டரை எடுத்தேன், பத்து நிமிட வேலை. கார் ஐந்து சென்ரிமீற்றர் பதிந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் தெற்கே ஓர் ஓட்டோகுறொஸ் போட்டிக்குப் போனான், நானும் கூடப் போனேன். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லைப் போலப் பல கார்கள் ஒன்றாகப் புழுதி கிளப்பும் றேஸ் இல்லை இது. தார் போட்ட பெரிய வெளியில் செம்மஞ்சள் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராக விட்டு நேரத்தை எடுப்பார்கள். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம், பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். கூம்பைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு செக்கன் கூடும். எங்கள் கார் முதல் வளைவிலேயே ஸ்ரியறிங்கைக் கேட்காமல் நேரே போய் இரண்டு கூம்பை வாரிக்கொண்டு போனது. பெடியனின் ஓட்டத்தில் பிழை இல்லை, பிழை என் கிறைண்டரில்.

திரும்பி வந்ததும் மனம் ஆறவில்லை. பக்கத்து வளவுக் கமக்காரரின் வெங்காயம் நிறுக்கும் தராசை இரவல் வாங்கினேன். பிறெஸ்ஸுக்குக் கீழே தராசு, அதன்மேல் ஸ்பிறிங், பக்கத்தில் அடிமட்டம். பத்து மில்லிமீற்றர் அழுத்தி எத்தனை கிலோ என்று பார்ப்பது, இன்னும் பத்து, இன்னும் பத்து. வெட்டாத பழைய ஸ்பிறிங் பத்து மில்லிக்கு இருபது கிலோ காட்டியது, அதாவது மில்லிக்கு இரண்டு கிலோ. நான் வெட்டியது பத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு. சுற்றுக் குறையக் குறைய ஸ்பிறிங் இறுகும் என்பது சரி. ஆனால் அந்த இறுக்கம் போதாது. முன்பு சில்லு மேலே ஏறி, எல்லையில் இருக்கும் ரப்பர் தடையில் முட்ட ஏழு சென்ரிமீற்றர் இடம் இருந்தது. ஐந்தைப் பதித்த பிறகு மிஞ்சியது இரண்டு. அந்த இரண்டு சென்ரிமீற்றரைத் தின்ன ஐம்பத்துச் சொச்சம் கிலோ போதும். கடுமையான வளைவில் வெளிப்பக்க முன்சில்லில் நூறு கிலோவுக்கு மேல் ஏறும். கார் ரப்பரில் போய்க் குந்தினால் அதற்கு மேல் ஸ்பிறிங்குக்கு வேலை இல்லை. ரயர் பிடியை விடும், கார் நேரே போகும். பண்ணைப் பாலத்தடியில் ஒரு பள்ளத்துக்கும் அதேதான் நடக்கும். அங்கே இருப்பது கூம்பு இல்லை, கடல்.

பிறகு முறையாகத் தேடினோம். முன்சில்லு ஒன்றின் மேல் 240 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். மில்லிக்கு இரண்டு கிலோ ஸ்பிறிங்கில் கார் செக்கனுக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தடவை ஆடும், அது குடும்பக் காரின் தாலாட்டு. நாலு கிலோ போட்டால் இரண்டு தடவை. கூம்புப் பாதைக்கு அது நல்ல தொடக்கம், றோட்டிலும் முதுகு தாங்கும். எட்டு, பத்து என்று போடுகிறவர்கள் நம் வீதிகளில் ஓடி ரயரை நிலத்தில் வைத்திருக்க முடியாமல் துள்ளுகிறார்கள். இன்னொன்று, சிநேகிதனின் காரில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. ஸ்ராலெற்றில் முன் ஸ்பிறிங் சில்லுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் ஸ்பிறிங்கின் பலம் ஏறக்குறைய அப்படியே சில்லுக்கு வரும். தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக்கில் ஸ்பிறிங் உள்ளே தள்ளி இருக்கும். சில்லு பத்து மில்லி ஏறும்போது ஸ்பிறிங் ஏழுதான் அமுங்குகிறது என்றால், அமுக்கத்திலும் பலத்திலும் பத்தில் ஏழாகக் குறைந்து, கடைசியில் பாதிதான் சில்லுக்குச் சேரும். அங்கே எட்டுக் கிலோ போட்டவனும் இங்கே நாலு போட்டவனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஸ்பிறிங்கின் ஆட்டத்தை அடக்கும் சொக் பழசு என்றால் புது ஸ்பிறிங்குக்குக் காசு கரைக்காதீர்கள், முதலில் சொக்கை மாற்றுங்கள்.

ஸ்ரெபிலைசர் பாருக்கு வருகிறேன். மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிறிங்கே கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாக நீளக் கம்பி முறுகித்தான் காரைத் தாங்கும். ஸ்ரெபிலைசர் பாரும் முறுகும் கம்பிதான், இரண்டு பக்கச் சில்லையும் குறுக்கே பிணைத்திருக்கும். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறினால் சும்மா இருக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால், அதாவது கார் சாய்ந்தால், பிடித்து இழுக்கும். முன்சில்லு இழுக்கும் காரில் முன் ரயர்தான் இழுக்கவும் திரும்பவும் வேண்டும், பின் ரயர் பெரும்பாலும் சும்மா உருளும். பின்பக்கத்துக்குத் தடித்த பார் போட்டால் சாய்வைத் தாங்கும் வேலையில் பங்கு பின்னுக்குப் போகும், முன் ரயர் மூச்சு விடும், கார் திரும்பும். வளைவில் உள்பக்கப் பின்சில்லு கதியாலடியில் நாய் காலைத் தூக்குவது போலத் தூக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் “ரெண்டு மில்லிதானே” என்று தடிப்பைக் கூட்டுவதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். பாரின் விறைப்பு தடிப்பின் நாலாம் அடுக்கில் கூடும். இருபது மில்லிப் பாரை எடுத்து இருபத்திரண்டு போட்டால் விறைப்பு நாற்பத்தாறு வீதம் கூடுகிறது. மாரி மழையில் கார் வாலை வீசினால் அந்த இரண்டு மில்லியை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இரண்டு, மூன்று துளை உள்ள பாராகப் பார்த்து வாங்கினால் நல்லது. நுனித் துளை மெது, உள் துளை இறுக்கம். நுனியில் தொடங்கி, ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்க்க வேண்டும். பட்டறையில் சாதாரண இரும்புக் கம்பியை வளைத்துத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். விறைப்பு அதிலும் ஏறக்குறைய அதேதான், ஆனால் அளவுக்கு மேல் முறுகினால் முறுகியபடியே நிற்கும், ஸ்பிறிங் உருக்குப் போலத் திரும்பி வராது.

மருமகன் இப்போது நாலு கிலோ ஸ்பிறிங்கோடும் பின்பக்கப் பாரோடும் ஓடுகிறான். கார் இரண்டரைச் சென்ரிமீற்றர்தான் பதிந்திருக்கிறது, சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள். போன போட்டியில் ஒரு கூம்பும் விழவில்லை. முதலிடமும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பொலிஸுக்கு எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா: மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத தார் வெளி ஒன்றும் ஐம்பது கூம்பும் இந்தப் பெடியளுக்குக் கொடுத்தால் பலாலி வீதிச் சத்தம் பாதி குறையும். ஸ்பிறிங் வெட்டிய கார்களை வாசலிலேயே நிறுத்தி நிறுத்துப் பார்க்க நான் வருகிறேன். தராசு மட்டும் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் கிடைக்கும், அதற்கு முன் கமக்காரருக்குச் சந்தை.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு கராஜ்காரன்