கோள அடுக்கலுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்

கணித அறிவியல் நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த சுற்று ஆய்வுத் திட்டங்களை நீங்கள் தேர்ந்தெடுக்கவிருக்கும் நேரம் இது. கோள அடுக்கல் பற்றிய ஒரு கூட்டு ஆய்வுத் திட்டத்தை அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டே எழுதுகிறேன். எண்கோட்பாடு, குவிவு வடிவியல் (உட்குழிவில்லாத வடிவங்களைப் பற்றியது), சேர்மானவியல் (எண்ணும், தேர்ந்தெடுக்கும் வழிகளைப் பற்றியது), குறியீட்டுக் கோட்பாடு (தகவலைப் பிழையின்றி அனுப்பும் வழிகளைப் பற்றியது), இயற்பியல் ஆகியவற்றில் வேலை செய்யும் இருபது இருபத்தைந்து பேர் இரண்டு மாதம் ஒரே கட்டடத்தில் தங்கி ஆய்வு செய்ய வேண்டும். இவர்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

ஒரே அளவுள்ள கோளங்களை, ஒன்றுக்குள் ஒன்று புகாமல், எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும்? கேள்வி அவ்வளவுதான். பீரங்கிக் குண்டுகளைக் குவித்து வைப்பது பற்றிய பேச்சில் கிளம்பிய இந்தக் கேள்விக்கு, முப்பரிமாணத்தில் சுமார் 74 சதவீதத்துக்கு மேல் இடம் நிரம்பாது என்று கெப்ளர் 1611-ல் ஊகித்தார். அதை தாமஸ் ஹேல்ஸ் நிறுவியது 1998-ல். கணினிக் கணக்குகள் நிறைந்த அந்த நிறுவலை நடுவர்களால் முழுவதும் சரிபார்க்க முடியவில்லை. ஹேல்ஸ் விடவில்லை, ஒரு குழுவைத் திரட்டி, ஒவ்வொரு படியையும் கணினியே சோதிக்கும் வடிவில் திரும்ப எழுதி 2014-ல் முடித்தார்.

அடுத்து நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஒரு குறிப்பிட்ட பண்புள்ள சார்பு கிடைத்தால் அடுக்கல் அடர்த்திக்கு ஒரு மேல் எல்லை, அதாவது இதைத் தாண்டாது என்ற வரம்பு, கிடைக்கும் என்று ஹென்றி கோனும் நோம் எல்கீஸும் 2003-ல் காட்டினார்கள். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று எண்களுக்குப் பதில் 8 அல்லது 24 எண்களால் ஒரு புள்ளியைக் குறிக்கும் வெளிகளில், அதாவது 8, 24 பரிமாணங்களில், அந்த எல்லை அறியப்பட்ட சிறந்த அடுக்கலோடு மிகச்சரியாகப் பொருந்தும் என்று கணக்குகள் சொல்லின. ஆனால் சார்பு எங்கே? பதின்மூன்று ஆண்டுகள் யாருக்கும் கிடைக்கவில்லை. 2016 மார்ச்சில் மரினா வியாசோவ்ஸ்கா, எண்கோட்பாட்டில் வரும் சமச்சீர் மிகுந்த சார்புகளான மாடுலர் வடிவங்களிலிருந்து 8 பரிமாணத்துக்கான சார்பைக் கட்டிக் காட்டினார். ராமானுஜன் 1916-ல் P, Q, R என்று எழுதி ஆராய்ந்த அதே தொடர்கள் அதற்குள் இருக்கின்றன. ஒரே வாரத்தில் கோன், அபினவ் குமார், ஸ்டீவன் மில்லர், டானிலோ ராட்சென்கோ ஆகிய நால்வருடன் சேர்ந்து 24 பரிமாணத்தையும் முடித்துவிட்டார். வடிவியல் கேள்விக்கு எண்கோட்பாடு விடை கொடுத்தது.

உயர் பரிமாணங்களிலும் இதே கதைதான். 1947-ல் ரோஜர்ஸ் தந்த கீழ் எல்லை (இவ்வளவாவது அடுக்க முடியும் என்ற உறுதி) பல பத்தாண்டுகள் ஒரு நிலையான எண்ணால் பெருக்கும் அளவுக்கே மேம்பட்டு வந்தது. அக்‌ஷய் வெங்கடேஷ் சில பரிமாணங்களில் மட்டும் அதைக் கொஞ்சம் கடந்தார். பிறகு 2023 டிசம்பரில் கம்போஸ், ஜென்சன், மிச்செலன், சஹஸ்ரபுத்தே ஆகியோர் கேள்வியை புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ஒரு கிராஃப் பிரச்சினையாக மாற்றி எல்லா உயர் பரிமாணங்களிலும் முன்னேறினார்கள். 2025-ல் போவாஸ் கிளார்டாக் என்ற குவிவு வடிவியலாளர், லாட்டிஸ் (ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் புள்ளிக் கட்டம்) புள்ளிகளைத் தவிர்த்து வளரும் நீள்வட்டத் திண்மம் என்ற பழைய யோசனையைத் தற்செயல் இயக்கத்தோடு இணைத்து இன்னும் பெரிய தாவலைத் தந்தார். மேல் எல்லைப் பக்கமோ, 1978-ல் கபாடியான்ஸ்கியும் லெவன்ஷ்டெய்னும் தந்த அடுக்குக்குறி (பரிமாணம் கூடக்கூட எல்லை எவ்வளவு வேகமாகச் சிறுக்கிறது என்பதைச் சொல்லும் எண்) இன்றுவரை அசையவில்லை. அவர்கள் குறியீட்டுக் கோட்பாட்டிலிருந்து வந்தவர்கள்.

இப்படிப் பக்கத்துத் துறைக்காரர் ஒருவர் கையில் வேறு கருவியோடு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி நகர்ந்திருக்கிறது. அந்த வருகையை நாம் தற்செயலுக்கு விட்டுவைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஐந்து நாள் கூட்டங்கள் இதற்குப் போதாது. முதல் இரண்டு நாள் மற்றவரின் குறியீடுகளைப் புரிந்துகொள்ளவே போய்விடும், அப்புறம் ஊருக்குக் கிளம்பும் பேச்சு தொடங்கிவிடும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த கேள்வியைச் சொல்கிறேன். இரண்டு பரிமாணத்தில் அறுகோண அடுக்கலே சிறந்தது என்பது நிறுவப்பட்ட விஷயம். ஆனால் கோன்-எல்கீஸ் வழியில் அதைக் காட்டும் சார்பு இருப்பதாகக் கணக்குகள் சொல்லியும், அதை இன்னும் யாரும் எழுதிக்காட்டவில்லை. தாளில் வட்டங்களாக வரையக்கூடிய கேள்வி 24 பரிமாணத்தைவிட முரண்டு பிடிக்கிறது! கோன்-எல்கீஸ் கணக்கு இருபரிமாணக் குவாண்டம் புலக் கோட்பாட்டிலும் எழுகிறது என்று இயற்பியலாளர்களான ஹார்ட்மன், மசாச், ரஸ்டெல்லி 2019-ல் காட்டினார்கள். அந்த இயற்பியலாளர்களும் மாடுலர் வடிவக்காரர்களும் ஒரே கரும்பலகை முன் நிற்க வேண்டும். மிக உயர்ந்த பரிமாணங்களில் சிறந்த அடுக்கல் ஒழுங்கானதா, ஒழுங்கற்றதா என்பதும் திறந்தே கிடக்கிறது.

நடத்தும் விதம் பற்றிக் கொஞ்சம். உரைகள் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். முதல் பத்து நாளில் ஒவ்வொரு துறையினரும் மற்றவர்களுக்குத் தங்கள் அடிப்படைகளைப் பாடமாக நடத்தட்டும். ஜெர்மனியின் ஓபர்வோல்ஃபாக் கணித ஆய்வு மையத்தில் சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கணித நிறுவனம் நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு குழுக்களை ஆண்டுக்கு ஒரு வாரமாக மூன்று ஆண்டுகள் வரை திரும்பத் திரும்ப அழைக்கிறது. நம் இரண்டு மாதத்தில் உருவாகும் குழுக்களுக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு வாரம் கொடுங்கள். பாதியில் நிற்கும் வேலையை முடிப்பது அந்த வாரங்கள்தான். கணினியே சரிபார்க்கும் வடிவில் நிறுவல்களை எழுதும் லீன் மொழி தெரிந்த இரண்டு பேராவது முதல் நாளிலிருந்தே உடன் இருக்க வேண்டும். ஹேல்ஸ் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது.

கல்லூரியில் வாரம் முழுக்கப் பாடம் நடத்துபவர்களால் இரண்டு மாதம் விடுப்பு எடுக்க முடியாது. அவர்களுக்காக இரண்டு வாரப் பிரிவுகளும், பதிலாகப் பாடம் நடத்துபவருக்கான ஊதியமும் திட்டச் செலவிலேயே சேர வேண்டும். குழந்தைகளோடு வருபவர்களுக்கான ஏற்பாடும் அப்படித்தான். இதைச் செய்யாவிட்டால், ஏற்கெனவே எல்லா நிறுவனங்களுக்கும் போய்வரும் அதே முகங்கள்தான் இங்கும் வரும்.

முடிவில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்று எண்ணி இந்தத் திட்டத்தை அளக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எந்த முயற்சி ஏன் தோற்றது என்பதை விளக்கும் ஒரு பொது அறிக்கை வெளியானால், அடுத்து வருபவருக்கு ஒரு முழு ஆண்டு மிஞ்சும்.

ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் அமைப்பாளர் வேண்டியிருக்கும். எண்கோட்பாட்டுப் பக்கத்து வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். தலைமை அமைப்பாளர் பொறுப்பு முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆன ஒருவரிடம் போகட்டும். உங்கள் குழு ஒப்புதல் கொடுத்தால், அழைக்க வேண்டியவர்களின் முதல் பட்டியலை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஓர் எண்கோட்பாட்டு ஆய்வாளர்