சிரிக்கத் தெரிந்த சைபர்பங்க்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த வாரம் வெளிவந்த அறிவியல் புனைகதைக் கட்டுரை, சைபர்பங்க் (கணினிகளும் பெருங்கம்பனிகளும் ஆளும் எதிர்காலத்தைச் சொல்லும் கதை வகை) என்றாலே இருட்டு, ஓயாத மழை, விரக்தியடைந்த கதாநாயகன் என்று முடித்துவிட்டது. வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) வழியாக உள்ளே வந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே, 1982இல், ரூடி ரக்கர் தன் 'சொஃப்ட்வெயார்' நாவலில் ஒரு ரோபோ மூளையை ஐஸ்கிறீம் வானுக்குள் ஏற்றித் தெருவில் விட்டுவிட்டார். காரணமும் உண்டு: அந்த மூளைக்குக் கடுங்குளிர் வேண்டும், ஐஸ்கிறீம் வானை யார் சந்தேகிப்பார்கள்? பீத்தோவன் மெட்டோடு பாண் ஓட்டோ வருகிற ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' (1992) இன்னும் ஒரு படி மேல். அரசாங்கம் தேய்ந்துபோன அமெரிக்காவைக் கம்பனிகள் பங்குபோட்டுவிட்டன. மாஃபியா பீட்ஸா விற்கிறது. 30 நிமிடத்துக்குள் போய்ச்சேராவிட்டால் மாஃபியாத் தலைவரே வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கிறார். கொண்டுபோனவனின் கதியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். வாசிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது காலி வீதியில் உணவுப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தபடி மழைக்குள் பறக்கும் பொடியன்களைக் கண்டால் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. கம்பனி ஆட்சியைப் பற்றி நூறு பக்கம் உபதேசித்தாலும் இது வராது.

தமிழிலும் ஆளில்லாமல் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி வேண்டும்; அந்த இறுக்கத்துக்குள் ரோபோ நாய் ஜீனோ குறும்பு பேசித் திரிகிறது. (அதைச் சைபர்பங்கில் சேர்ப்பது கொஞ்சம் இழுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.)

இருண்ட கதைகளில் எனக்கொரு சங்கடம் உண்டு. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்புகிறவன்தான் அதற்கு அவ்வளவு பயப்பட முடியும். 2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று கணினி கச்சிதமாகக் கணக்கு வைத்திருந்தது. அந்தக் குறியீட்டை லமினேட் செய்து பர்ஸில் பத்திரப்படுத்தியவர்கள், பெற்றோல் பவுசர் வருமா என்று பக்கத்து ஓட்டோக்காரரிடம்தான் கேட்டார்கள். இதைக் கிப்சன் பாணியில் எப்படி எழுதுவது? பகிடியாகத்தான் எழுத முடியும்.

ஞாயிறு இதழின் சிறுகதைப் பக்கத்துக்கு இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு ஓர் அறிவித்தல் போடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினி திருத்துகிறவர்களிடமே ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.